பருத்தி மேல் வைத்த லேப்டாப்

மஞ்சு பாம்புக்குப் பயந்தவள் இல்லை. திருமானூர் பக்கம் வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவள். வரப்பில் சாரை குறுக்கே போனால் நின்று வழி விட்டு அப்புறம் நடப்பாள். அவள் பயந்தது கரண்டுக்கு.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் அஞ்சாவது படிக்கும்போது அப்பா பூமாலைக்குச் சோறு கொண்டு போனாள். அவர் கூலிக்குப் போயிருந்த வயலில் நடவு. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. மோட்டார் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அவர் கொட்டகைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் என்று சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. ஒரே எழுத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கை ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒட்டிக் கிடக்க, ஆள் நின்றபடியே உதறிக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர் ஓடி வந்து மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கையை எடுத்துவிட்டார். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கினது மடங்கினதுதான், பிறகு விரியவில்லை.

அன்றிலிருந்து மஞ்சு சுவிட்சைத் தொட்டதில்லை என்றே சொல்லலாம். தொட்டே ஆகவேண்டிய இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு துடைப்பக்கட்டை நுனியால் தட்டுவாள். குரும்பலூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கரிசல்காட்டு ஊரில் வாக்கப்பட்டு வந்த பிறகும் அப்படித்தான். மாமியார் ஆண்டாயி முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், கடைசியில் பழகிக்கொண்டார். மிக்சி போடுவது மாமியார் வேலை, அரைத்ததை வழிப்பது மருமகள் வேலை என்று ஆகிவிட்டது.

லேப்டாப் அவளிடம் வந்தது கல்யாணத்துக்கு முன்னால். பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் அறிவரசன் தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழசைத் தங்கச்சி காலேஜில் சேர்ந்தபோது கொடுத்தான். ஒல்லியாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குச் சார்ஜ் போட வேண்டுமே! அந்த வேலையைச் செய்துகொடுத்தவள்தான் பிரவீணா. காலேஜில் பக்கத்துப் பெஞ்சு. "குடுடி, நான் சொருவுறேன்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பிளக்கில் மாட்டிவிட்டு வருவாள். அப்படித்தான் சிநேகிதம் பிடித்தது. ரெண்டாம் வருஷத்தோடு மஞ்சுவின் படிப்பு நின்றது. கல்யாணம், அடுத்துக் குழந்தை சக்தி. லேப்டாப் துணிப்பைக்குள் புகுந்து அடுப்படிப் பரணுக்குப் போனது. கீழே அடுப்பு எரியும். மேலே அது கிடக்கும். வருஷங்கள் ஓடின.

இந்த மாசியில் பிரவீணா போன் பண்ணினாள். அவள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தாள்.

"துறைமங்கலத்துல ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்கடி. போன்ல பேசுனத ஹெட்போன்ல கேட்டு அப்படியே தமிழ்ல டைப் அடிக்கணும். நீதான் காலேஜ்லயே பறப்பியே. திங்கக்கெழமை வரச் சொல்றாங்க. ஒரே ஒரு கண்டிசன், சொந்த லேப்டாப் கொண்டாரணும். உங்கிட்ட அந்தப் பழசு இருக்குல்ல?"

"இருக்கு, பரண்ல."

"எடுத்து ஓடுதான்னு பாரு."

வீட்டுக்காரன் வீரமணி கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன். அறுவடைக் காலமானதால் ஒரத்தநாட்டுப் பக்கம் போயிருந்தான். வீட்டில் மாமியார், மருமகள், நாலு வயசுச் சக்தி. மற்ற இடமெல்லாம் பருத்தி. இந்த வருஷம் விலை படுத்துவிட்டதால் ஏறட்டும் என்று எடுத்த பருத்தியையெல்லாம் முன்கட்டிலேயே கொட்டி வைத்திருந்தார்கள். சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு வெள்ளை மலையாகக் கிடந்தது. நடக்க ஒத்தையடிப் பாதை மாதிரி கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதில்தான் பாய் போட்டுப் படுப்பது. சக்திக்கு ஒரே கொண்டாட்டம், மேலே ஏறிக் குதித்துக்கொண்டே இருப்பாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மஞ்சு லேப்டாப்பை இறக்கினாள். துடைத்துத் தரையில் வைத்தபோது அது சரியாக உட்காரவில்லை. ஒரு மூலையை அமுக்கினால் மறுமூலை எழும்பியது. அடுப்புச் சூட்டில் வளைந்திருக்கும் என்று நினைத்தாள். பழைய சார்ஜர் எலி கடித்துக் கிடந்ததால், பக்கத்துத் தெரு காலேஜ் பெண்ணிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள். முனை பொருந்தியது, அது போதாதா?

"அத்தை, இதக் கொஞ்சம் சொருவி விடுங்களேன்."

"இதுக்கும் நாந்தானா?" என்று ஆண்டாயி முனகிக்கொண்டே வந்து சொருவினார். முன்கட்டில் உருப்படியாக வேலை செய்கிற பிளக் ஒன்றுதான். அது பருத்திக் குவியலுக்கு மேலே சுவரில் இருந்தது. ஒயர் தரைக்கு எட்டவில்லை. அதனால் லேப்டாப்பைப் பருத்தி மேலேயே வைத்தார்கள். மெத்தையில் பிள்ளையைப் படுக்கப் போட்ட மாதிரி அது அழகாகப் பதிந்து உட்கார்ந்தது.

ஓரத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அணைந்தது. திரும்ப எரிந்தது. மஞ்சு செருப்பை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள், விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்தாள். அதுவும் ஆகவில்லை. சார்ஜ் ஏறட்டும் என்று விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தபோது அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. "ஏறுது போல" என்று சந்தோசப்பட்டாள்.

வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தண்ணித் தொட்டியைத் தாண்டித் தார்ரோட்டுக்குப் போனால்தான் பேச முடியும். சக்தி பருத்தியோரம் சாக்கில் தூங்கிவிட்டிருந்தாள். ஆண்டாயியும் பக்கத்தில் தலையைச் சாய்த்திருந்தார். "பிரவீணாட்ட கேட்டுட்டு வந்துடுறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு மஞ்சு வெளியே போனாள்.

பிரவீணா கடையில் இருந்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"சார்ஜர் லைட் எரியுதா?"

"வந்து வந்து போவுது."

"பொத்தான அழுத்துனா?"

"ஃபேன் கொஞ்சம் சுத்திட்டு நின்னுடுது."

"சரி, பேட்டரி செத்திருக்கும். இல்ல உள்ள தூசி. பெருசா ஒண்ணும் இருக்காது." அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டவளாகக் கேட்டாள்: "அந்த விரல் தேய்க்குற எடம் இருக்குல்ல, அது மேல தூக்கிட்டு நிக்குதா?"

மஞ்சு யோசித்தாள். "ஆமா, லேசா. தரையில வச்சாலும் ஆடுதுடி. சூட்டுல வளைஞ்சிருச்சோ என்னமோ."

அந்தப் பக்கம் கையிலிருந்ததைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"தொட்டா சுடுதா?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"மஞ்சு, நான் சொல்றத கேளு. அது வளையல. உள்ள பேட்டரி உப்பியிருக்கு. மொதல்ல பிளக்கைப் புடுங்கு. அப்படியே தூக்கி வெளிய வை. எங்க வச்சிருக்க இப்ப?"

"பருத்தி மேல."

"எது மேல?"

"பருத்தி. வூட்டுல கொட்டி வச்சிருக்கோம்ல."

"ஓடுடி!" என்று பிரவீணா கத்தினாள். "ஓடு, ஓடு! அது வெடிச்சு எரியும்டி!"

மஞ்சு ஓடினாள். தண்ணித் தொட்டியருகில் சேற்றில் ஒரு செருப்பு மாட்டி நின்றுவிட்டது. இன்னொன்று எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. பருத்தி எப்படிப் பற்றும் என்பது அவளுக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு வண்டிப் பருத்தி பீடி நெருப்பில் போனதை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஐயோ என்று கூவி முடிக்குமுன் முழுசும் சிவந்து போயிருந்தது. அந்தக் குவியலோரம் சக்தி வாயைத் திறந்தபடி தூங்குகிற முகம் ஓடுகிற வழியெல்லாம் முன்னால் வந்து நின்றது.

வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. ஆடு புகுந்து பருத்தியைத் தின்றுவிடும் என்று ஆண்டாயி உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார். அவள் போனதும் எழுந்து போட்டிருக்க வேண்டும்.

"அத்தை! அத்தை!"

கதவைக் கையால் அடித்தாள், தோளால் முட்டினாள். ஆண்டாயிக்குக் காது மந்தம். தூங்கிவிட்டால் பக்கத்தில் மேளம் அடித்தாலும் கேட்காது. "சக்தி! சக்திக் கண்ணு, எந்திரி!" பதில் இல்லை. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலைப் பருத்தி அடைத்திருந்தது. கம்பிக்குள் கையை விட்டு அள்ளி அள்ளி வெளியே போட்டாள். அந்த ஓட்டை வழியாக ஒரு வாசனை வந்தது. நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தால் வருமே, அது போல ஒரு தித்திப்பு வாடை. பருத்தியிலிருந்து வருகிற வாடை இல்லை அது.

தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் காட்டில். கதவுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்தில் மீட்டர் பெட்டி இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் ரெண்டு பீஸ் கட்டை. அதில் ஒன்றைப் பிடுங்கினாலே வீடு முழுக்கக் கரண்டு நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீரமணி ஒருமுறை செய்ததைத் தூர நின்று பார்த்திருக்கிறாள்.

வெறுங்கால், சேற்று ஈரம். கையும் வேர்வையில் ஊறியிருந்தது. அந்தக் கொட்டகைச் சத்தம் காதுக்குள் கேட்டது. நிஜமாகவே கேட்டது என்றுதான் பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். ஒரு கணம் அவளால் கையை நீட்டவே முடியவில்லை. அந்தக் கணத்தை நினைத்துத்தான் அவள் இன்றைக்கும் வெட்கப்படுகிறாள். உள்ளே பிள்ளை கிடக்கும்போது கை எப்படி யோசிக்கும் என்று கேட்பாள். யோசித்தது. அதுதான் உண்மை.

பிறகு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, கட்டையைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. அதைத் தெருவுக்கே வீசினாள்.

ஃபேன் சத்தம் அடங்கியது.

மேளம் அடித்தாலும் எழாத மனுசி, ஃபேன் நின்றதும் எழுந்துவிட்டார். "சனியன் புடிச்ச கரண்டு, இந்த வெயில்ல..." என்று உள்ளே முனகல் கேட்டது. மஞ்சு கதவை உடைத்துவிடுகிற மாதிரி அடித்தாள். தாழ்ப்பாள் விலகியது. மாமியாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து சக்தியைச் சாக்கோடு தூக்கி வந்து அவர் கையில் திணித்தாள். "ரோட்டுக்குப் போங்க அத்தை! நிக்காதீங்க!"

ஆண்டாயி ஒன்றும் புரியாமல், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மஞ்சு திரும்ப உள்ளே போனாள். லேப்டாப்பின் வயிறு இப்போது நன்றாகத் தெரிகிற அளவுக்குப் புடைத்திருந்தது. அடியில் பட்ட பருத்தி சூடாக இருந்தது, கருகவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். துண்டைப் போட்டு அதை ஏந்திக்கொண்டு, ஒயர் காலில் இடற, வாசலைத் தாண்டி எதிரே கக்கூஸ் கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் மேல் வைத்துவிட்டு, ஓடி வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வெடிக்கவில்லை. வெயிலில் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆண்டாயி திரும்பி வந்து, "இதுக்கா இந்தக் கூத்து? வெயில்ல கெடந்தா கெட்டுப் போவாதா?" என்று எடுக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்று மஞ்சு அலறினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மாமியாரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. ஆண்டாயி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

பிரவீணா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். பாதி வழியிலிருந்தே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாளாம். லேப்டாப் ஆறியிருந்தது. வீட்டுக்கெதிரே சோளம் அறுத்த காட்டுக்கு எடுத்துப்போய், ஒரு பலகை மேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீ தூரப் போ" என்றாள்.

"நீ மட்டும்?"

"எனக்கு இது வேலைடி."

திருகாணிகளைக் கழற்றி அடித்தகட்டை எடுத்தபோது மஞ்சு எட்டத்திலிருந்தே பார்த்தாள். உள்ளே வெள்ளிப் பொட்டலங்கள் ஆமவடை மாதிரி உப்பிக் கிடந்தன. பிரவீணா இணைப்பை விலக்கினாள். பேட்டரி பசையில் ஒட்டியிருந்ததால் ஒரு பிளாஸ்டிக் அட்டையை அடியில் விட்டு மெதுவாக நெம்பினாள். ரெண்டு பொட்டலம் வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை. அட்டை வளைந்தது. அவள் பொறுமையிழந்து திருப்புளி முனையை வைத்தாள். முனை வழுக்கியது.

உஸ்...

அவ்வளவு சின்னச் சத்தம்தான். பிரவீணா அப்படியே உறைந்துபோனாள். காலேஜில் எதற்கும் அஞ்சாதவள், கையில் திருப்புளியோடு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி!" மஞ்சுவின் கத்தலில்தான் அவளுக்கு உணர்வு வந்தது. பலகையை ஒரு பக்கமாகத் தூக்கினாள். ஒட்டு விட்டு, பேட்டரி மண்ணில் சரிந்தது. லேப்டாப்பை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பத்தடி தாண்டியிருக்க மாட்டாள். பின்னால் வெள்ளைப் புகை பீய்ச்சியது, அதோடு ஊதுலையில் வருகிற மாதிரி நீளமாக ஒரு தீ. அடுத்தடுத்துப் பட்பட்டென்று வெடித்தது. சுற்றியிருந்த சோளக் கட்டைகள் பற்றிக்கொண்டன. ஆண்டாயி குடத்தோடு ஓடி வந்தார், பிரவீணா அவரைத் தடுத்து நிறுத்தி மண்ணை அள்ளிப் போடச் சொன்னாள். எல்லாம் அடங்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தரை கருத்துக் கிடந்தது.

ஆண்டாயி வீட்டுப் பக்கம் திரும்பி, திறந்த கதவு வழியே தெரிந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, சக்தியை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். தாழ்ப்பாள் போட்டவள் நான்தானே என்று அழுதார்.

"எனக்கும் பயந்தாண்டி" என்றாள் பிரவீணா. "இந்த மாதிரி கடைக்கு வந்தா நான் தொடவே மாட்டேன். திருப்பி அனுப்பிடுவேன். உன்னோடதாச்சேன்னு..."

லேப்டாப்பை அங்கேயே போட்டுவிடலாம் என்றுதான் மஞ்சுவுக்கு இருந்தது. பிரவீணாதான் விடவில்லை. பேட்டரி போனாலும் நேராகக் கரண்டில் ஓடலாம், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். தெருவில் கிடந்த பீஸ் கட்டையைத் தேடி எடுத்தார்கள். ஓரம் உடைந்திருந்தாலும் பொருந்தியது.

"மாட்டு" என்றாள் பிரவீணா.

"மாட்டேன். நீயே மாட்டு."

"இப்பத்தானே புடுங்குன?"

"புடுங்குனது வேற." மஞ்சு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிரவீணா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை, தானே மாட்டினாள்.

பிரவீணாவின் பையிலிருந்த நீட்டு ஒயரைச் சொருவி வாசலுக்கு இழுத்து, வெளியே மணல் மேல் வைத்துத்தான் போட்டுப் பார்த்தார்கள். விசிறி சுற்றியது, திரை வரவில்லை. பிரவீணா மறுபடி திறந்து, உள்ளேயிருந்து சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகட்டை எடுத்தாள். "இதுதான் மெமரி" என்று சொல்லி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினாள். மஞ்சு பொத்தானை அழுத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வந்துருச்சுடி" என்று பிரவீணா சொன்ன பிறகும் அவள் திரும்பிப் பார்க்க வெகு நேரம் ஆனது.

அன்று சாயங்காலம் தார்ரோட்டில் நின்று வீரமணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். முதலில், "லேப்டாப் வெடிக்குமா? யாருகிட்ட கத வுடுற?" என்று சிரித்தான். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது. "புள்ள எங்க?" என்றான். "இங்கதான், இடுப்புல இருக்கா" என்றாள். "போனை அதுகிட்ட குடு" என்றான். சக்தி ஏதேதோ பேசினாள். மறுநாளே அவன் வண்டியை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து, வந்த விலைக்குப் பருத்தியைத் தள்ளிவிட்டான். எடை போடும்போது சாக்கைப் பிடித்தவர் ஆண்டாயிதான்.

திங்கட்கிழமை மஞ்சு, பிரவீணா கடையிலிருந்து ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். துறைமங்கலத்து ஆபீசில் பக்கத்து மேசைப் பரிமளாதான் தினமும் அவளுக்குப் பிளக் சொருவிக் கொடுக்கிறாள். பேட்டரி இல்லாத இயந்திரம் என்பதால் கரண்டு போனால் அதுவும் போய்விடும். அதனால் ஒவ்வொரு வரி அடித்ததும் சேமித்துக்கொள்வாள். மேலதிகாரி அதைக் கவனித்து, இவ்வளவு ஜாக்கிரதையான ஆளா என்று பாராட்டினாராம். அது ஜாக்கிரதை இல்லை சார், பயம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டாள்.

அவள் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு சுவரில் இருக்கிற கரண்டுக்கு மட்டும்தான் பயந்தாள். இப்போது பையில், தலையணைக்கடியில், சட்டைப் பையில் இருக்கிறதுக்கெல்லாம் சேர்த்துப் பயப்படுகிறாள். வேலை விட்டு வருகிற வழியில், கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள் நுழைந்து, "போனைச் சார்ஜ் போட்டுக் கட்டுல்லயா வச்சிருக்கீங்க? எடுங்க, எடுத்துத் தரையில வையுங்க" என்று நிற்பாள். அவர்கள் எடுத்து வைக்கிற வரைக்கும் நகர மாட்டாள். ஊரில் சிலருக்கு எரிச்சல். "மஞ்சு வருது, போனைக் கழட்டு" என்று பசங்கள் கேலி பண்ணுகிறார்கள். அவள் காதில் விழும். கோபப்படுவதில்லை. கழற்றிவிட்டார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலை நோக்கி நடப்பாள்.